சக்கர வீட்டுக்கு ஒரு சட்ட முகவரி

கலிபோர்னியாவிலிருந்த வீட்டை விற்றுவிட்டு ஆர்.வி. எனப்படும், வீட்டு வசதிகள் கொண்ட வண்டியிலேயே முழுநேரமும் வாழத் தொடங்கிய பிறகு, ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியபோதுதான் எந்த மாநிலத்திலும் நான் குடியிருப்பாளன் அல்லன் என்பது உறைத்தது. நாடோடிப் பயணிகளையும் ஏற்கும் தெற்கு டகோட்டாவைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே மாநில வருமான வரி இல்லை என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்? கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிறுவனமொன்றில் தனி அஞ்சற்பெட்டி எடுத்து, ரேபிட் சிட்டி அருகே ஆர்.வி. முகாமில் ஓர் இரவு தங்கினேன். ஓராண்டுக்குட்பட்ட அத்தகைய தங்கல் ரசீதுதான் அங்கே முக்கியச் சான்று. ரசீதில் மனைவியின் பெயர் மட்டுமே இருந்ததால் முதல் நாள் திருப்பி அனுப்பப்பட்டேன். மறுநாள் இருவர் பெயரும் உள்ள ரசீதை, பாஸ்போர்ட், சமூகப் பாதுகாப்பு எண் சான்று, வசிப்பிட உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு கொடுத்ததும் 5 ஆண்டு உரிமம் கிடைத்தது.

உண்மையான தலைவலி வங்கிதான். அஞ்சற்பெட்டி முகவரியை அது ஏற்க மறுக்கவே, குடியிருப்பு முகவரி இல்லாதவர் நெருங்கிய உறவினரின் முகவரியைத் தரலாம் என்னும் கூட்டாட்சி விதியை எடுத்துக்காட்டி, அக்காவின் சம்மதத்துடன் அவர் வீட்டு முகவரியைப் பதிவுசெய்தேன்.