வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வரும் வாடகை விளம்பரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் என் அத்தையின் வீடு இருக்கிறது. மாமா காலமான பிறகு அத்தை பெரும்பாலும் சென்னையில் மகனோடு தங்கிவிடுவதால், வருடத்தில் எட்டு மாதம் வீடு பூட்டியே கிடக்கும். அத்தை ஊருக்கு வந்திருந்த ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை காலையில், பீரோவும் கட்டிலும் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளும் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கிய பெண்ணின் கையில் புதுப் பால்பாத்திரம் இருந்தது. ஆனி பிறப்பதற்குள் பால் காய்ச்சிக் குடியேறிவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். அவள் கணவன் செல்போனை நீட்டினான். அதில் அத்தை வீட்டின் முன்கட்டுத் தார்சாவும், சிவப்புச் சிமெண்டுத் தரையும், பட்டாசல் என்னும் கூடத்தில் தொங்கும் தேக்கு ஊஞ்சலும் அப்படியே தெரிந்தன. முன்பணமாக முப்பத்தைந்தாயிரம் ரூபாயை அவர்கள் யுபிஐ வழியாக அனுப்பி மூன்று நாள் ஆகியிருந்தது.

அத்தை பயந்துபோய், "எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, போங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். சென்னையிலிருந்த அத்தை மகன் விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்துக் கத்தித் தீர்த்தான். சாயங்காலத்துக்குள் விளம்பரம் மறைந்தது, அந்த எண்ணும் அணைந்தது. பிரச்சினை முடிந்தது என்று நாங்கள் நிம்மதியடைந்தோம். பத்து நாளில் அதே படங்கள், வேறு பெயரில், இம்முறை ஒத்திக்கு (போக்கியத்துக்கு) என்று வந்தன. காவல் நிலையத்துக்குப் போனபோது முதல் விளம்பரத்தின் இணைப்பையும், பணம் கொடுத்தவரின் விவரத்தையும் கேட்டார்கள். எங்களிடம் இரண்டும் இல்லை.

எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது. விளம்பரத்தை நீக்க வைப்பதற்கு முன் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். பார்த்த மாத்திரத்தில் திரையைப் படம் எடுப்பது மட்டும் போதாது. விளம்பரத்தின் முழு இணைப்பு, போட்டவரின் பக்கத்துக்கான இணைப்பு, தொலைபேசி எண், கேட்ட வாடகையும் முன்பணமும், பார்த்த தேதியும் நேரமும், ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சேமிக்கப்பட வேண்டும். பெயரையும் முகப்புப் படத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால், பெயரை மட்டும் குறித்து வைப்பதில் பயன் குறைவு. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். ஆகவே எந்தக் கருவியில் பதிவு செய்தீர்களோ அந்தச் செல்போனை விற்கவோ, உள்ளிருப்பதை அழிக்கவோ கூடாது.

விளம்பரம் போட்டவரை அழைத்து மிரட்டுவது அடுத்த தவறு. உண்மையான உரிமையாளர் விழித்துக்கொண்டார் என்று அவருக்கு நாமே சொல்லியனுப்புவதைத் தவிர அதனால் வேறு பலன் இல்லை. அந்த எண்ணையும் படத்தையும் "இவன் திருடன்" என்று தெரு வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதும் ஆபத்தானது. இத்தகைய மோசடிக்காரர்கள் ராணுவ வீரர் போன்றவர்களின் படத்தையும் அடையாள அட்டையையும் திருடிப் பயன்படுத்துவது வழக்கம். நாம் பரப்பும் முகம் நம்மைப் போலவே ஏமாற்றப்பட்ட இன்னொருவருடையதாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் என் மனத்தை இன்றும் உறுத்துவது, வாசலுக்கு வந்தவர்களைத் துரத்திவிட்டதுதான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வரும் செவிலியர், கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு அருகில் வீடு தேடும் பெற்றோர், கூடங்குளத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தை நகரத்தில் வைக்க நினைப்பவர் ஆகியோர்தான் இந்த வலையில் விழுகிறார்கள். அவர்களுக்குப் போனது பணம், நமக்குப் போனது பெயர். உள்ளே அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டுத் தீர்வை ரசீதைக் காட்டி உண்மையைச் சொல்ல வேண்டும். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கச் சொல்ல வேண்டும். மோசடிப் பணம் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்கு முன் புகார் சென்றால், அதை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு சுருங்கும். அவர்கள் அனுப்பிய பணத்தின் ரசீதில் பெறுநரின் யுபிஐ முகவரியும் பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். விளம்பரத்தில் உள்ள எண் பொய்யாக இருக்கலாம், பணம் போன தடம் எளிதில் அழியாது. அவர்களுடைய பெயரையும் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்தால் இருவருமாகச் சேர்ந்தே புகார் கொடுப்பது நல்லது. அந்தப் பெண்ணின் பால்பாத்திரம் காயாமலே திரும்பிப் போனதற்கு நாங்கள் காரணமில்லை. அவர்கள் யாரென்றே தெரியாமல் போனதற்கு நாங்கள்தான் காரணம்.

"எனக்குப் பணம் போகவில்லையே, நான் என்ன புகார் கொடுப்பது?" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உரிமையாளராக நடித்து இணையத்தின் வழியே ஏமாற்றுவதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318, 319 ஆகிய பிரிவுகள் ஏமாற்றுதலையும் ஆள்மாறாட்டத்தையும் பற்றியவை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம், நிலையத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. நாளை இன்னொருவர் ஏமாந்து, உங்கள் பெயரையே குற்றவாளியாகச் சொல்லி வந்தால், நீங்கள் முன்பே எச்சரித்ததற்கு அந்தச் சிறு தாள்தான் சான்று. திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இருப்பது மாநகரக் காவல் ஆணையரகம், வெளியே மாவட்டக் காவல். எல்லை எது என்று குழம்பி நாளைக் கடத்த வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். மும்பையிலோ துபாயிலோ இருக்கும் நம் ஊர் வீட்டுக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

விளம்பரத் தளத்தில் "புகார்" பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருப்பது போதாது. இணையத் தளங்களுக்கான 2021-ஆம் ஆண்டின் இடையீட்டாளர் விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு எழுத்தில், இணைப்போடு அனுப்புங்கள். உரிமையை நிரூபிக்கிறேன் என்று பட்டா, பத்திரம், ஆதார் எல்லாவற்றையும் கண்டவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்த நகல்களே அடுத்த மோசடிக்கு ஆயுதமாகும். கொடுக்கும் நகலின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே படும்படி, "இந்த விளம்பரத்தை நீக்கக் கோரும் புகாருக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட நகலே போதும்.

எல்லா விளம்பரமும் மோசடி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கேட்காமலே "வீடு காலி" என்று போட்டுவிட்டுப் பிறகு நம்மிடம் பேசிக்கொள்ளலாம் என நினைக்கும் புரோக்கருக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையே போதுமானது. குடியிருப்பவர் நம் எழுத்து ஒப்புதல் இன்றி உள்வாடகைக்கு விட்டால், 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்கீழ் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கோர அது ஒரு காரணமாகும். பாகப்பிரிவினை நடக்காத பூர்வீக வீட்டை உடன்பங்காளி விளம்பரம் செய்தால், காவல் நிலையம் அதை உரிமையியல் விவகாரம் என்றே சொல்லும். அங்கே வழக்கறிஞரிடம் போவதுதான் வழி.

வந்தவர் ஏற்கெனவே பூட்டைத் திறந்து குடியேறிவிட்டால், கோபத்தில் மின்சாரத்தை வெட்டுவதும் சாமான்களைத் தெருவில் எறிவதும் கூடவே கூடாது. சட்டத்தின் வழியன்றி வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் தம் அனுபவத்தில் திரும்பத் தரும்படி கேட்கலாம். நியாயம் நம் பக்கம் இருக்கும்போதே அதை நாம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒத்தி விளம்பரத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே கைமாறுவது லட்சங்கள். அனுபவ ஒத்தி பதிவு செய்யப்பட்டாக வேண்டிய ஆவணம், முத்திரைத்தாளில் எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. உங்கள் வீட்டின் பேரில் அப்படி ஒரு விளம்பரம் வந்திருந்தால், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதும் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

எங்களிடமிருந்து படங்கள் எப்படிப் போயின என்று பின்னால் யோசித்தபோது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு விட நினைத்து அத்தை மகனே போட்ட விளம்பரம் நீக்கப்படாமல் கிடந்தது தெரிந்தது. வேண்டாமென்று ஆனதும் அதை எடுத்திருக்க வேண்டும். இப்போது கம்பி போட்ட அழிக்கதவில் "இந்த வீடு வாடகைக்கோ ஒத்திக்கோ விடப்படவில்லை. யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்" என்று ஒரு தகரப் பலகை தொங்குகிறது. எதிர்வீட்டு அக்காவிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும், யாராவது வீடு பார்க்க வந்தால் பெயரும் எண்ணும் வாங்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறோம். மாதம் இருமுறை, ஊஞ்சல் படத்தை இணையத்தில் கொடுத்துத் தேடிப் பார்ப்பது என் பொறுப்பு.