கழுதையின் நொண்டலும் குளம்புக்குள் இருந்த சீழும்

செங்கல் சூளையிலிருந்து மீட்டு வந்த எங்கள் பெண் கழுதை, ஐப்பசி மழை தொடங்கியதும் வலது முன்னங்காலைத் தரையில் ஊன்ற மறுத்தது. வீக்கமோ காயமோ தெரியாததால் தோள்பட்டைச் சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தடவியும் வலி மருந்து கொடுத்தும் பலன் இல்லை. கழுதை வலியை எளிதில் வெளிக்காட்டாத பிராணி. தீனியை வழக்கம்போலவே தின்றது.

கணுக்காலின் பின்புறம் இருபக்கமும் விரல் வைத்துப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. மற்றக் கால்களில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த நாடி, இந்தக் காலில் மட்டும் பலமாகத் துடித்தது. குளம்புச் சுவரும் சூடாக இருந்தது. இதைக் கேட்டு வந்த கால்நடை மருத்துவர், குளம்பை இடுக்கியால் அழுத்தி வலிக்கும் இடத்தைக் கண்டறிந்து, அடிப்பகுதியைச் சுரண்டினார். சுவரும் உள்ளங்காலும் சேரும் வெள்ளைக் கோட்டில் மிளகளவு கரும்புள்ளி ஒன்று இருந்தது. அதைத் தொடர்ந்து கத்தியால் திறந்ததும் சாம்பல் நிறச் சீழ் நாற்றத்துடன் வழிந்தது. மறுநாள் கழுதை காலை ஊன்றியதைப் பார்த்த பிறகே எங்களுக்கு நிம்மதி வந்தது.

எப்சம் உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் குளம்பை ஊறவைத்து, பஞ்சு வைத்துக் கட்டி, துளை காயும்வரை ஈரமில்லாத தரையில் நிறுத்தினோம். குதிரை, கழுதை இரண்டையும் இரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தாக்கும் என்பதால் அதற்கான ஊசியும் போடப்பட்டது.