ஹெலிக்ஸ்: 'சுருள்' என்று எழுதினால் மட்டும் போதுமா?

கொசுவத்தியும் ஸ்பிரிங்கும் ஒரே வடிவம் இல்லை. ஆனால் இரண்டையும் 'சுருள்' என்றே சொல்லி முடித்துவிடுகிறோம். முதல் தவறு இங்கேதான். கொசுவத்தி ஸ்பைரல்: நடுவிலிருந்து விலகிக்கொண்டே போகும், தட்டையாகவே இருக்கும். ஸ்பிரிங் ஹெலிக்ஸ்: அச்சிலிருந்து அதன் தூரம் மாறாது, சுற்றச் சுற்ற மேலே ஏறும். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த டிஎன்ஏ அமைப்பு இந்த இரண்டாவது வகை. மாடிக்குச் சுற்றி ஏறும் இரும்புப் படியை ஸ்பைரல் என்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் அதுவும் ஹெலிக்ஸ்தான்.

தமிழில் 'திருகு', 'புரி' என்று எழுதினால் குழப்பம் குறையும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டிவிட்டால் திருகாணிக்கு மலையாளத்தில் 'பிரியாணி' என்று பெயர். (சாப்பாட்டுப் பிரியாணி வேறு!) அந்தப் பிரியும் நம் கயிற்றுப் புரியும் ஒன்றுதான்.

அடுத்த தவறு, ஹெலிக்ஸைச் சூரியனோடு முடிச்சுப் போடுவது. ஹீலியம் வந்தது சூரியனைக் குறிக்கும் 'ஹேலியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. முறுக்கிக்கொண்டு போவதைக் குறிக்கும் 'ஹெலிக்ஸ்' வேறு. கிரேக்கத்தில் ஒன்று நெடில், மற்றது குறில். குறில் நெடில் படித்த நமக்கு இது பெரிய விஷயமில்லை. ஆங்கிலம் வழியாக இரண்டும் 'ஹீ' என்று வந்து சேர்ந்ததில்தான் சிக்கல். ஹெலிகாப்டரையும் 'ஹெலி', 'காப்டர்' என்று வெட்டக் கூடாது. 'ஹெலிகோ' என்றால் திருகு, 'டெரான்' என்றால் சிறகு. 1861-ல் பிரான்சின் போன்டோன் தெ அமெகூர் ஒட்டிய பெயர் அது. ஹெலிபேட் என்ற சொல்லே தப்பாக வெட்டியதில் பிறந்தது. இனி அதை மாற்ற முடியாது, விடுங்கள்.

பெரிய குழப்பம் வலம், இடத்தில். வலம்புரிச் சங்கை உயிரியலாளர்கள் இடச்சுழி என்பார்கள். யார் சொல்வது தப்பு? யாருமில்லை. அவர்கள் கூர்ச்சுருள் (சங்கின் சுருண்ட கூர்முனை) மேலே இருக்க, வாய் தங்களைப் பார்க்கும்படி பிடிக்கிறார்கள்; திறப்பு இடப்பக்கம் வருகிறது. நம் வழக்கத்தில் கூர்ச்சுருள் கீழே, திறப்பு வலப்பக்கம். எந்த முறை என்று சொல்லாமல் 'வலது' என்று மட்டும் எழுதுவதுதான் தவறு. அப்புறம், சங்கைத் தலைகீழாக்கினால் திருகின் திசையே மாறிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஒரு ஸ்க்ரூவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், மரை அப்படியேதான் இருக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தில்தான் திசை மாறும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் முளைக்கும், நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வலம்புரி இடம்புரிக் காயைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து பகுதிகள் கயிறாக முறுக்கிக்கொண்ட காய். மலையாளத்தில் இடம்பிரி வலம்பிரி. அதன் தாவரவியல் பெயர் ஹெலிக்டெரஸ் ஐசோரா. ஹெலிக்ஸோடு ஒரே வேர். பேரினப் பெயரில் 'டெரஸ்' இருக்கிறதே என்று அங்கேயும் போய்ச் சிறகு தேடாதீர்கள்.

கடைசியாகக் காது. உள்ளே நத்தை போலச் சுருண்டிருப்பது காக்லியா. அந்தப் பெயருக்கும் நத்தைதான் மூலம். காதில் ஹெலிக்ஸ் என்பது மடலின் வெளி விளிம்பு. அதனால் காதின் மேல்விளிம்பில் குத்திக்கொள்வதை நகைக்கடையில் 'ஹெலிக்ஸ்' என்று சொன்னால், அவர்கள் சொல்வது சரிதான்.