பெண்கள் பள்ளியின் வரலாற்றைக் கட்டணப் பேரேட்டிலிருந்து எழுதத் தொடங்குங்கள்

இங்கிலாந்தில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியின் ஆவண அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நூற்றாண்டு விழா நெருங்கினால் யாராவது ஒரு பழைய மாணவி வரலாறு எழுதக் கிளம்பி வருவார். வந்ததும் கேட்பது தலைமையாசிரியைகளின் படங்களைத்தான். நான் கட்டணப் பேரேட்டை எடுத்து நீட்டுவேன். அப்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்!

பள்ளி யாருக்குச் சொந்தம், யார் பணத்தில் நடந்தது என்பது தெரியாமல் மற்றது எதுவும் விளங்காது. பிரான்சிஸ் மேரி பஸ் 1850இல் லண்டனில் தொடங்கிய நார்த் லண்டன் காலேஜியட் முதலில் அவருடைய சொந்தப் பள்ளி. 1870களின் தொடக்கத்தில்தான் அதை அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தார். 1872இல் பெண்களின் பகல்நேரப் பள்ளிகளுக்காகவே ஏற்பட்ட கம்பெனியோ பங்குகளை விற்றுப் பள்ளிகளைத் திறந்தது. உங்கள் பள்ளி இதில் எந்த வகை, எந்த ஆண்டில் கை மாறியது என்று முதலில் பாருங்கள்.

அரசு உதவி பெற்ற தொடக்கப் பள்ளிகளில் 1860களிலிருந்து தலைமையாசிரியர் பள்ளியின் அன்றாட நிகழ்வுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதியாக வேண்டியிருந்தது. தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் அப்படி ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் சேர்க்கைப் பதிவேட்டையும் கேளுங்கள். பதிவேட்டில் தந்தையின் தொழில் என்று ஒரு பத்தி இருந்தால் அதிர்ஷ்டம்தான். மளிகை வியாபாரியின் மகளைச் சேர்த்தார்களா, எப்போதிலிருந்து சேர்த்தார்கள் என்பதை எந்த விழா மலரும் சொல்லாது.

பள்ளி இதழைக் கடைசியில் படியுங்கள். அது நல்லதை மட்டுமே பேசும். ஆனால் அதில் வரும் ஆசிரியைகளின் பட்டங்களை விடாதீர்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்தான், ஆக்ஸ்போர்டு 1920இல். அதனால் 1904 முதல் 1907 வரை, இந்தப் பல்கலைக்கழகங்களில் படித்துத் தேறிய பெண்கள் பலர் கப்பலேறி டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்தார்கள். அந்தக் காலத்து ஆசிரியை ஒருவரின் பெயருக்குப் பின்னால் டப்ளின் பட்டம் இருந்தால், அவர் அயர்லாந்தில் படித்தவர் என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, விடுதியில் சமைத்தவர்கள், துவைத்தவர்கள். இவர்களைப் பள்ளி ஆவணங்களில் தேடினால் கண் வலிதான் மிச்சம். 1911, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் விடுதி முகவரியைப் பாருங்கள், பெயரும் வயதும் பிறந்த ஊரும் கிடைக்கும். 1931 கணக்கெடுப்பு தீயில் போய்விட்டது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1939 செப்டம்பர் 29 அன்று போரை முன்னிட்டு அரசு எடுத்த மக்கள் பதிவேடு. போர் தொடங்கிப் பல பள்ளிகள் இடம் பெயர்ந்திருந்த நேரம் அது. ஆகவே, உங்கள் பள்ளி சொந்த ஊரில் இல்லையென்றால் அது தஞ்சம் புகுந்த ஊரில் தேடுங்கள். தெற்குக் கடலோரத்தில் இருந்த ரோடீன் பள்ளி மாணவிகளும் போர்க்காலத்தில் வடக்கே கெஸ்விக்குக்குப் போனார்கள். பள்ளிக் கட்டடங்கள் கடற்படையின் கைக்குப் போயின.

படங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள். மாணவிகளின் பெயர்ப் பட்டியலைக் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரில் அடுக்குங்கள்.

இனி, பலர் சறுக்கும் இடம். இன்று தனியார் பள்ளி என்பதால் என்றுமே தனியார் பள்ளி என்று எண்ணிவிடுகிறார்கள். போருக்குப் பிறகு பல பெண்கள் பள்ளிகள் அரசிடம் நேரடி மானியம் வாங்கின, பதிலுக்குக் குறைந்தது நான்கில் ஒரு பங்கு இடங்களை இலவசமாகக் கொடுத்தன. 1970களின் நடுவில் அந்த மானியத்தை நிறுத்த அரசு முடிவெடுத்தபோது, அரசுப் பள்ளியாவதா, கட்டணத்தை நம்பியே நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளை வரி விடாமல் படியுங்கள். அப்போது இலவச இடத்தில் படித்தவர்களையும் கட்டணம் கட்டிப் படித்தவர்களையும் தனித்தனியே பேட்டி எடுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் இரு தரப்பும் மரியாதைக்குப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம், 2025 ஜனவரி முதல் கட்டணத்தின் மீது 20 சதவீத வாட் வரி வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பெற்றோருக்குப் போன மின்னஞ்சல்களை இப்போதே அச்செடுத்து, தேதி போட்டுக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.