தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதும் பிரிவை நீக்கக் கோரி மனு எழுதுவது எப்படி?

மனு எழுத முனைவோர், தம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவு எந்தச் சொற்களில் அமைந்திருக்கிறதோ அதை முதலில் அப்படியே எடுத்தெழுத வேண்டும். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் அது 309 என்ற ஒரே எண்ணில் இருந்தது. காலனி ஆட்சி விட்டுச்சென்ற பிரிவு அது என்பதையும், இங்கிலாந்து 1961-லேயே இக்குற்றத்தை நீக்கிவிட்டது என்பதையும் ஓரிரு வரிகளில் சொன்னால் போதும்.

கோரிக்கை முழு நீக்கமாகவே இருக்கட்டும். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கருதி அவரைத் தண்டிக்காமல் விட வேண்டும் என்றது. ஆனால் 309-ஆம் பிரிவு 2024 ஜூலை வரை ஏட்டில் நீடித்தது. இந்த அரைகுறை ஏற்பாடு பின்பற்றத் தக்கதன்று.

தண்டனை பயம்தான் பலரைத் தடுக்கிறது என்ற வாதம் கட்டாயம் எழும். மனுவின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கலாம். வழக்குக்கு அஞ்சும் குடும்பம் மருத்துவரிடம் விபத்து என்று சொல்லிவிடுகிறது. உடற்காயத்துக்கு மருந்திட்டு அனுப்பப்படுபவர், மனநல மருத்துவரைப் பார்க்காமலே, மறுமுயற்சிக்கான ஆபத்து மிகுந்த அடுத்த சில வாரங்களைத் தனியே கடக்க நேர்கிறது. தற்கொலைக்குத் தூண்டுவோர் தப்பிவிடுவார்கள் என்ற ஐயத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை: 2020-இல் சிங்கப்பூரும் 2023-இல் மலேசியாவும் முயற்சியைக் குற்றமாக்கிய பிரிவை மட்டும் நீக்கி, தூண்டுதலைக் குற்றமாகவே வைத்திருக்கின்றன.

காவலர் விலகினால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்பதைப் பெரும்பாலான மனுக்கள் சொல்லாமல் விடுவதே அவற்றின் பலவீனம் என்பது என் கருத்து. மலேசியா தன் மனநலச் சட்டத்தையும் உடன் திருத்தி, தீயணைப்புத் துறையினர் உள்ளிட்டோருக்கு நெருக்கடியில் தலையிடும் அதிகாரம் தந்தது. அதுபோன்ற ஏற்பாட்டோடு, அவசரப் பிரிவிலேயே மனநல மதிப்பீடு, வீடு திரும்பிய பின் தொடர் அழைப்பு, இந்தியாவின் 14416 டெலி மானஸ் போல இரவும் பகலும் இயங்கும் கட்டணமில்லா உதவி எண் ஆகியவற்றையும், நிதி ஒதுக்கீட்டுடன் கேட்க வேண்டும்.

உண்மை நிகழ்வுகளைச் சேர்ப்பதாயின் பெயரையும் முயன்ற முறையையும் விலக்குக. நிலுவையிலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெறவும், பழைய தண்டனைப் பதிவுகளை அழிக்கவும் தனிக் கோரிக்கை இணைக்கப்பட வேண்டும். புதிய சட்டம் தானாகவே அவற்றைத் துடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.