கராஜை அறையாக மாற்றப் போகிறீர்களா?

இங்கிலாந்தில் வீடு வாங்கியதும் பலருக்குக் கண் போவது கராஜ் பக்கம்தான். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் தங்க ஓர் அறை தேவைப்படுகிறது. "உள்ளுக்குள் மாற்றினால் பிளானிங் தேவையில்லை" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். பெரும்பாலும் அது சரி. ஆனால் கவுன்சில் பக்கமே போகவேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. பிளானிங் (கட்டடத்தையோ அதன் பயன்பாட்டையோ மாற்றக் கவுன்சில் தரும் அனுமதி) வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டடம் பாதுகாப்பாக இருக்கவேண்டிய விதிகள்) வேறு. முதலாவது தேவைப்படாத வீட்டுக்கும் இரண்டாவது வேண்டும்.

பிளானிங்கிலும் விதிவிலக்குகள் உண்டு. புதிய குடியிருப்புகளில் கராஜ் வண்டி நிறுத்த மட்டுமே என்று கட்டும்போதே நிபந்தனை போட்டிருக்கலாம். உங்கள் வீட்டின் பழைய அனுமதிப் பத்திரத்தைக் கவுன்சில் இணையதளத்தில் தேடி வாசியுங்கள். கன்சர்வேஷன் ஏரியா (பழமை காக்கப்படும் பகுதி), லிஸ்டட் கட்டடம் (பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம்) என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தனி வாசலும் சமையலறையும் வைத்துத் தனி வீடாக வாடகைக்கு விடுவதற்குக் கட்டாயம் பிளானிங் வேண்டும். ஆசைகாட்ட ஆட்கள் நிறைய உண்டு, கவனம்.

உண்மையான வேலை, பில்டிங் ரெகுலேஷன்ஸ்படி வேலை நடக்கிறதா என்று பரிசோதிக்கும் பில்டிங் கன்ட்ரோலில்தான். கராஜ் ஆள் குடியிருக்கக் கட்டப்பட்டதல்ல. சுவர் பல இடங்களில் ஒற்றைக் கல் கனம்தான், தரையில் ஈரத்தடுப்பு இருக்காது, கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பும் இடத்தில் அத்திவாரம் போதாமல் போகலாம். குளிர்காப்பு, காற்றோட்டம், மின்வேலை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அறையிலிருந்து நேரே ஹாலுக்கோ வெளியிலோ போக வழியில்லையென்றால், தீ பிடித்தால் தப்ப ஒரு ஜன்னல் வேண்டும்: திறக்கும் பரப்பு 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையாமல், திறப்பின் அடி தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேற்படாமல்.

பில்டிங் கன்ட்ரோலுக்கான விண்ணப்பம் இரண்டு வகை. 'பில்டிங் நோட்டிஸ்' சுருக்கமானது, வரைபடம் முன்கூட்டி அங்கீகரிக்கப்படாது. மற்றது 'ஃபுல் பிளான்ஸ்', வரைபடத்தை முன்கூட்டியே கொடுத்து அங்கீகாரம் வாங்குவது. முதல்முறை செய்பவர்கள் இதை எடுப்பதே நல்லது என்பேன். பிழையிருந்தால் கடதாசியிலேயே பிடிபடும். தரையையும் சுவரையும் மூடுமுன் இன்ஸ்பெக்டர் பார்த்திருக்க வேண்டும்.

முடிவில், வேலை விதிப்படி முடிந்தது என்று காட்டும் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்குங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் அதைத்தான் கேட்பார். அனுமதியின்றிச் செய்தவற்றுக்குப் பின்னாளில் 'ரெகுலரைசேஷன்' (முடிந்த வேலைக்குப் பிந்திய ஒப்புதல்) கேட்கலாம், ஆனால் போட்ட தரையை உடைத்துக் காட்டச் சொல்லவும் கூடும். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் மோர்ட்கேஜ் கொடுத்தவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பில்டருக்குக் கடைசித் தவணையைச் சர்டிபிகேட் கைக்கு வந்தபிறகு கொடுங்கள்.