பழைய பிக்கப்ல ஸ்டியரிங் ஆடுதா? பார்ட் வாங்குறதுக்கு முன்னாடி கீழ படுத்து பாருங்க

ரோடு நேரா இருக்கு, ஆனா நீங்க ஸ்டியரிங்க இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஒடிச்சுக்கிட்டே போறீங்கன்னா எங்கயோ தேய்ஞ்சிருக்கு. எங்கன்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க, காசுதான் வீணாகும்.

முதல்ல டயர்ல காத்து செக் பண்ணுங்க, கம்மியா இருந்தாலே வண்டி அலையும். அது சரியா இருந்தா, ஸ்டியரிங் வளையத்துல ஒரு டேப் துண்டு ஒட்டி, முன் டயர் அசைய ஆரம்பிக்கிற வரைக்கும் எவ்ளோ தூரம் சும்மா சுத்துதுன்னு அளந்துக்கோங்க. ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் சுத்துறத சக்கரத்த திருப்புற அசைவா மாத்துற கியர் பெட்டி) வச்ச பழைய வண்டில கொஞ்சம் ப்ளே, அதாவது இந்த சும்மா சுத்துற ஆட்டம், இருக்கத்தான் செய்யும், ஒரு இன்ச்க்குள்ளன்னா நான் கண்டுக்க மாட்டேன், ரெண்டு இன்ச் தாண்டுச்சுன்னா தேட வேண்டியதுதான்.

ஜாக்கி போடாதீங்க, இந்த டெஸ்ட்டுக்கு வண்டி வெயிட் டயர் மேலயே இருக்கணும், அப்பதான் தேய்மானம் தெரியும். ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்கு கட்டை வச்சுட்டு ஒருத்தர மேல உக்காரவச்சு, ஸ்டியரிங்க அந்த ப்ளே அளவுக்கு மட்டும் லேசா ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க (பவர் ஸ்டியரிங்னா இஞ்சின் ஓடட்டும், கைய பெல்ட் பக்கம் கொண்டு போகாதீங்க). நீங்க மேலேர்ந்து கீழ வரிசையா பாத்துட்டே வாங்க, அசைவு எந்த இடத்துல தொலையுதோ அங்கதான் கோளாறு. ஸ்டியரிங் காலம் ஷாஃப்ட் (ஸ்டியரிங் வளையத்துலேர்ந்து கீழ இறங்குற தண்டு) சுத்துது ஆனா பாக்ஸுக்குள்ள போற ஷாஃப்ட் லேட்டா சுத்துதுன்னா நடுவுல இருக்க ரப்பர் கப்ளிங் இல்லன்னா யுனிவர்சல் ஜாயிண்ட் போச்சு. அது சுத்துது, பிட்மன் ஆர்ம் (பாக்ஸ்லேர்ந்து வெளிய வந்து ராட தள்ளுற கை) சும்மா நிக்குதுன்னா கோளாறு பாக்ஸுக்குள்ள. பிட்மன் ஆர்ம் அசையுது அதுல மாட்டியிருக்க ராட் அசையலன்னா அந்த ஜாயிண்ட். டை ராட் எண்ட் (சக்கரத்த திருப்புற ராடோட முனை ஜாயிண்ட்), ஐட்லர் ஆர்ம் (எதிர்ப்பக்கம் ராட தாங்குற கை) எல்லாம் கண்ணுக்கு டக்குனு தெரியாது, மேல விரல வச்சுப் பாருங்க, தேய்ஞ்சதுன்னா ஒரு 'டக்' கைல தட்டும்.

பாக்ஸ் மேல ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்க்ரூ இருக்கும், எல்லாரும் முதல்ல அதத்தான் திருகுவாங்க, நானும் திருகுனேன். ப்ளே கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா வளைவுல திருப்பினா ஸ்டியரிங் தானா நேராவே வரல, நான்தான் இழுத்து கொண்டு வரணும், பயந்தே போயிட்டேன். அப்புறம் கீழ படுத்து பாத்தா பாக்ஸே சேசிஸ் மேல ஆடுது, போல்ட் வாஷர சுத்தி பெயிண்ட் தேய்ஞ்சு பளபளன்னு ஒரு வட்டம். போல்ட் லூஸ், அவ்ளோதான் மேட்டர்! அந்த இடத்துல சேசிஸ்ல விரிசல் இருக்கான்னும் பாத்துருங்க.

இவ்ளோ பாத்தும் ஒண்ணும் சிக்கலன்னா இப்போ ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வச்சு, சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடுச்சுன்னா ஒருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லுங்க: மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா பால் ஜாயிண்ட் இல்லன்னா கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்புறதுக்கான மூட்டு).

டை ராட் எண்ட் கழட்டும்போது எத்தனை சுத்துல வெளிய வருதுன்னு எண்ணிக்கோங்க, புதுச அதே அளவுக்கு ஏத்துங்க, காட்டர் பின் (நட்டு கழண்டுராம தடுக்குற பின்) புதுசு போடுங்க, அப்புறம் வண்டிய நேரா அலைன்மெண்ட்டுக்கு விட்டுருங்க.